ஷா மன்னரின் குடத்தில் நான் வைத்த தேங்காய்

வெறுங்குடத்தை வாசலில் வைக்கச் சொன்னால் நான் வைக்க மாட்டேன். அது மண்குடமாக இருந்தாலும் சரி, மாணிக்கம் பதித்த தங்கக் குடமாக இருந்தாலும் சரி. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த நினைப்பினால்தான் துபாயில் ஒரு பெரிய குடும்பத்துக்கு இல்லாத வழக்கம் ஒன்று உண்டாயிற்று.

என் வீட்டுக்காரர் தவறிப்போன மறு வருஷம் நான் சமையல் வேலைக்கு துபாய் போனேன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அப்போது ஆண்பிள்ளைகள்தான் நிறையப் போவார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பொம்பளை தனியாகப் போவதா என்று ஊர் கேட்டது. ஊர் கேட்கட்டும் என்று போனேன். வேலை பார்த்த வீடு ஈரான் கரையிலிருந்து பல தலைமுறைக்கு முன்னால் படகில் வந்து குடியேறிய வியாபாரக் குடும்பம். கம்பளம், பிஸ்தா, குங்குமப்பூ வியாபாரம். வீட்டு அம்மாவை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். என் வயதுதான் இருக்கும். சின்ன வயதில் பம்பாயில் வளர்ந்ததால் இந்தி பேசுவார். எனக்கு துபாயில் வந்து பொறுக்கிக்கொண்ட இந்தி. இரண்டு இந்தியும் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்துக்கொண்டாலும் வேலை நடந்தது. மேடத்திடம் ஒரு குணம் உண்டு. "தெரியாது" என்ற வார்த்தை அவர் வாயில் வராது. என் வாயிலும் வராது. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் விளக்குப் போட்டு, ஒரே ஒரு சாமான்தான் வைத்திருப்பார்கள். தங்கக் குடம். நம் தவலை மாதிரி அகலம் இல்லை. பேரிக்காயைக் கவிழ்த்து வைக்காமல் நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அடி பெருத்து, கழுத்து சிறுத்து, வாய் உள்ளங்கை அகலம். மேலெல்லாம் நீலமும் ரோஜா நிறமுமாகக் கண்ணாடிப் பூச்சு. பூச்சுக்குள்ளே ரோஜாப் பூ, ரோஜாப் பூவுக்குள்ளே ஒரு குருவி, குருவியைச் சுற்றி மாதுளம் முத்து மாதிரி சிவப்புக் கற்கள். கழுத்தைச் சுற்றி இரண்டு வரிசை நீலப் பேரோசாக் கல். அதில் ஒரு கல் மட்டும் வயதாகிப் பச்சைப்பயறு நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு இடத்தில் கல் விழுந்து வெறும் குழி. ஈரானில் ஷா மன்னர் ஒருவர் மேடத்தின் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்ததாம். எதற்குக் கொடுத்தார் என்பது மட்டும் நிலையாக இல்லை. ஒருநாள் ராஜாவின் குதிரைக்கு வைத்தியம் பார்த்ததற்கு. ஒருநாள் ராணிக்கு முத்து கொண்டுபோய்க் கொடுத்ததற்கு. விருந்தாளி யார் என்பதைப் பொறுத்து.

வியாழக்கிழமைதோறும் அதைத் துடைப்பது என் வேலை. புளி போடக் கூடாது, சாம்பல் போடக் கூடாது, ஈரத்துணி கூடாது. மேடம் மூஞ்சிக்குப் பவுடர் பூசும் பிரஷ் ஒன்றைக் கொடுத்திருந்தார். ராஜாவின் குடத்துக்குப் பவுடர் போடுவது போல் துடைப்பேன். குடத்தின் பக்கவாட்டில் விரல் நுழைகிற மாதிரி ஒரு துளை இருந்தது. எந்தக் கொல்லன் குடத்துக்குப் பக்கத்தில் ஓட்டை வைப்பான்? ஓட்டைக் குடத்தைப் பரிசு கொடுத்த ராஜாவும், அதை வாங்கிக்கொண்டு சும்மா வந்த கொள்ளுத்தாத்தாவும் என்ன மனிதர்கள் என்று நினைத்துக்கொள்வேன். கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும்.

மேடத்தின் மூத்த மகனுக்குக் கல்யாணம் வந்தது. வரவேற்பு வீட்டிலேயே. அன்று மத்தியானம் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"குடத்த வெளிய எடு. வாசலுக்கு நேரா மேஜை போட்டு வை. பொண்ணு உள்ள வரும்போது முதல்ல அதத்தான் பாக்கணும். அழகா வை."

சொல்லிவிட்டுத் தலை அலங்காரத்துக்குப் போய்விட்டார். நான் குடத்தை வைத்தேன். வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தேன். புதுப்பெண் காலடி எடுத்து வைக்கிற வாசலில், நேர் எதிரே, வெறுங்குடம்! நம் பக்கத்தில் ஒருத்தி காலிக்குடத்தோடு எதிரே வந்தாலே போகிற காரியத்தை நிறுத்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். இங்கே குடத்துக்கு மேஜை வேறு போட்டு வைத்திருக்கிறது.

நான் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் நிறைகுடம் வைக்க என்னை யாரும் விட மாட்டார்கள். தாலி இறக்கினவள் கை படக் கூடாது. அதுவரை எத்தனையோ கல்யாணத்துக்கு நான் வைத்த குடங்கள்தான். பிறகு ஒரே நாளில் என் கை ஆகாத கை ஆகிவிட்டது. ஆனால் துபாயில் அந்த வீட்டில் அது யாருக்குத் தெரியும்? கை தானாகப் போயிற்று.

டிரைவரைக் கூப்பிட்டேன். அதிராம்பட்டினத்துக்காரர், அந்தக் குடும்பத்தில் இருபது வருஷ டூட்டி. என்னைவிடச் சின்னவர்.

"தம்பி, பர்துபாய் கோயில் சந்துக்குப் போயி ஒரு தேங்கா, ஒரு கொத்து மாவெல வாங்கிட்டு வாங்க. தேங்கா குடுமியோட. சின்னதா. தட்டிப் பாத்து வாங்கணும்."

"அக்கா, நான் கோயில் சந்துல நின்னு மாவெல வாங்குறத எங்க ஊராளு எவனாச்சும் பாத்தா என்னாஹும்? வெள்ளிக்கெழம பள்ளிவாசல்ல கேப்பாஹளே."

"ஆட்டுக்குன்னு சொல்லுங்க."

"துபாய்ல எனக்கு ஏதுக்கா ஆடு?"

"அப்ப கேக்க மாட்டாங்க, போங்க."

அவர் போய் வாங்கி வந்தார். நான் குடத்தில் தண்ணீர் ஊற்றினேன். பாதி ஊற்றும்போதே பக்கத்து ஓட்டை வழியாகத் தண்ணீர் பாம்பு மாதிரி வெளியே வந்து மேஜை விரிப்பில் இறங்கியது. அடுப்படிக்கு ஓடினேன். சப்பாத்தி மாவு பிசைந்து வைத்திருந்தேன். ஒரு உருண்டை எடுத்து மஞ்சள் தூளைப் போட்டுப் பிசைந்து ஓட்டையை அடைத்தேன். பார்வைக்கு மஞ்சள் பிள்ளையார் மாதிரியே இருந்தது. சரி, அவரும் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மாவிலையைச் செருகி, தேங்காய்க்கு மஞ்சள் பூசி மேலே வைத்தேன். குங்குமச் சிமிழைத் திறந்தபோது டிரைவர் கும்பிடாத குறையாகச் சொன்னார்:

"அக்கா, அது மட்டும் வேணாம்கா. மஞ்சளோட நிறுத்திக்குங்க. பாக்குறவுஹ குங்குமப்பூன்னு நெனச்சுக்குவாஹ. என் வேலையும் ஒங்க வேலையும் நிக்கும்."

அது நியாயம் என்று பட்டது. அவரவர் வீட்டில் அவரவர் சாமி. நான் நல்லது நடக்கட்டும் என்று குடம் வைத்தேனே தவிர, அவர்களைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை.

மேடம் மாடியிலிருந்து இறங்கி வரவும் விருந்தாளிகள் வாசலில் வரவும் சரியாக இருந்தது. அவர் குடத்தைப் பார்த்தார். ராஜாவின் தங்கக் குடத்தின் தலையில் மஞ்சள் பூசிய குடுமித் தேங்காய். அவர் முகம் போன போக்கில், நான் மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் விருந்தாளியாக வந்த ஒரு கிழவர் குடத்தை நோக்கி ஓடினார். ஏதோ வெளிநாட்டில் பழைய ஈரான் சாமான்களைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவராம். கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, குனிந்து, சுற்றி வந்து, அடைத்த மாவு உருண்டையை முகர்ந்தும் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஈரான் மொழியில் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர்.

"என்ன தம்பி சொல்றாரு? திட்றாரா?"

டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"அக்கா, இது கொடம் இல்லையாம்."

"பின்ன?"

"ஷீஷாவாம்க்கா. ராஜா புகை குடிக்கிறதுக்கு அடியில தண்ணி ஊத்தி வப்பாஹல்ல, அந்தப் பாத்திரம். மேல் குழாயெல்லாம் எப்பவோ தொலஞ்சு போச்சு. அந்தப் பக்கத்து ஓட்ட, உறிஞ்சுற குழா மாட்டுறதுக்கு."

ராஜா சுருட்டுப் பிடிக்கிற பானைக்கு நான் மாவிலை கட்டியிருக்கிறேன்!

"ஆனா அவரு சந்தோசத்துலதாங்க்கா அழுவுறாரு," என்றார் டிரைவர். "ஆதியில ஈரான்ல புகை குடிக்கிறதுக்குத் தங்கமும் இல்ல பித்தளையும் இல்லையாம். தேங்காச் சிரட்டையிலதான் தண்ணி ஊத்திக் குடிப்பாஹளாம். நம்ம பக்கத்துலேருந்து கப்பல்ல போன தேங்கா. ராஜாமாரு அந்தச் சிரட்டைக்கே தங்கம் கட்டி கல்லு பதிச்சு வச்சிருந்தாஹளாம். அப்புறந்தான் இந்தக் கொடமெல்லாம். பேரன் தலையில பாட்டன ஒக்கார வச்சிருக்கிய, இப்பேர்ப்பட்ட மரியாதைய எந்த வீட்லயும் நான் கண்டதில்லன்னு மேடத்தப் பாத்துச் சொல்றாரு."

எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார். பிறகு கழுத்தை நிமிர்த்தி, கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"எங்க குடும்பத்துல எப்பவும் இப்படித்தான் வப்போம்," என்றார். "கொள்ளுத்தாத்தா காலத்துலேருந்து."

அவ்வளவுதான். அன்றைக்கு விருந்து முடிந்ததும் நான் தேங்காயை உடைத்தேன். வைத்த தேங்காயை வீணாக்குவது எனக்கு ஆகாது. உடைக்கிற சத்தம் கேட்டு நாலு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். "இதுவும் வழக்கம்தான்" என்றார் மேடம். கீற்றுப் போட்டுக் கொடுத்தேன். தின்றார்கள்.

அடுத்த மாதம் மேடத்தின் தங்கை மகளுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டுக்கு மட்டும் ராஜா வழக்கம் கிடையாதா என்று தங்கை கேட்டாராம். குடம் காரில் போயிற்று, மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். பிறகு ஷார்ஜா, பிறகு அபுதாபி, பிறகு தோஹா. சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம். கல்யாணம் என்றால் குடம், குடம் என்றால் தேங்காய், தேங்காய் என்றால் நான். எனக்குக் கறுப்புப் பட்டில் சரிகை போட்ட அங்கி ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்து நின்றதும், கூட்டத்துக்கு நடுவே நான் தேங்காயை உடைப்பேன். கைதட்டுவார்கள். மாவுருண்டைக்குப் பாரசீக மெழுகு என்று பெயர் வைத்தார்கள். மாவிலை ஏன் ஐந்து என்று யாரோ கேட்டதற்கு மேடம் ஒரு காரணம் சொன்னார். கேட்டு எனக்கே நம்பலாம் போல் இருந்தது. ஒருநாள் அடுப்படியில் நானும் அவரும் தனியாக இருந்தபோது, "மேடம், அது எங்க ஊரு வழக்கம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒங்க ஊர்ல எங்க வழக்கம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் மேடம். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஊரில் என் மகளுக்கு வரன் முடிந்தது. ஆவணியில் முகூர்த்தம். ஒரே மகள். எனக்கு அந்தக் கல்யாணத்துக்குப் போயாக வேண்டும். போனால் மட்டும் போதாது, என் மகள் கல்யாண வாசலில் குடத்தை என் கையால் வைக்க வேண்டும் என்ற ஆசை உள்ளே உட்கார்ந்துவிட்டது. இத்தனை ராஜவம்சத்துப் பெண்களுக்கு வைத்த கை. அவர்களில் ஒருத்திகூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வரவில்லை. என் மகளுக்கு மட்டும் ஆகாதா?

லீவு கேட்டேன். மேடம் காலண்டரைப் பார்த்தார்.

"ஆவணின்னா?"

தேதியைச் சொன்னேன்.

"மாஃபி, முடியாது. அந்த வாரம் பஹ்ரைன்ல என் நாத்தனார் பேத்திக்குக் கல்யாணம். அதுக்கு முன்னாடி மஸ்கட். ரெண்டையும் முடிச்சிட்டுப் போ."

"மேடம், என் மகளுக்குக் கல்யாணம்."

"கல்யாணத்துக்கு நீ எதுக்கு? மகளுக்குத்தான கல்யாணம்?"

பாஸ்போர்ட் அவர் பெட்டியில். ஏழு வாரம் கேட்டேன். ஏழு வாரமும் மாஃபி. கோபமாகச் சொன்னால்கூடப் பதிலுக்குக் கோபப்படலாம். அவர் தட்டில் பேரீச்சம்பழத்தை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொல்வார்.

மஸ்கட்டுக்குக் காரில் போனோம். முன்னால் டிரைவர், பின்னால் மேடம், நான், நடுவில் பெல்ட் போட்டுக் குடம். எல்லையில் போலீஸ்காரர் குடத்தை எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். மேடம் ஷா மன்னரில் ஆரம்பித்தார். குதிரை வைத்தியம் வருவதற்குள் அவர் போகச் சொல்லிவிட்டார். வழியெல்லாம் மொட்டை மலை. அந்த மலையைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு காரியம் யோசித்தேன். என் வாழ்நாளில் யோசித்த ஒரே கெட்ட காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மஸ்கட்டில் ரூவி பஜாரில் நம் ஆட்கள் கடை நிறைய. ஒரு மலையாளத்துக்காரர் கடை வாசலில் தேங்காய் மூட்டையைப் பிரித்து வைத்திருந்தது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். தேங்காய் விஷயத்தில் என் காது பொய் சொல்லாது. தட்டினால் உள்ளே பருப்பு முற்றலா இளசா தெரியும். ஆட்டினால் தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். நாற்பது வருஷத்தில் ஒரு அழுகல் தேங்காய் நான் வீட்டுக்கு வாங்கிப் போனதில்லை. அன்றைக்கு மூட்டையில் பாதியைத் தட்டி, ஆட்டி, நல்லதை எல்லாம் தள்ளி வைத்தேன். கடைசியில் ஒன்று. தட்டினால் மொத்தென்று இருந்தது. ஆட்டினால் சத்தமே இல்லை.

"சேச்சி, அது வேண்டா. அது சரியில்லா," என்றார் கடைக்காரர்.

"இதுதான் வேணும்," என்றேன்.

டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அக்கா, எனக்கே தெரியுது அது சொத்தன்னு."

"தம்பி, ஸ்டியரிங்கப் பாருங்க."

என் கணக்கு இதுதான். கூட்டத்துக்கு நடுவில் தேங்காய் அழுகலாக உடையும். என்ன அர்த்தம் என்று மேடம் கேட்பார். வைத்தவளுக்கு மனக்குறை இருந்தால் அழுகும் என்று சொல்வேன். அதில் பொய்யும் இல்லை, எங்கள் பக்கம் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அவ்வளவு சொன்னால் போதும். ஆனாலும் ஒரு பெண் வாழப் போகிற வாசலில் தெரிந்தே அழுகலை வைக்கிறோமே என்று மனசு ஒப்பவில்லை. மாவிலையைச் செருகும்போது, "இது ஒனக்கில்லம்மா, எனக்கு" என்று அந்த முகம் தெரியாத பெண்ணிடம் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள். நான் சரிகை அங்கியோடு தேங்காயைக் கையில் எடுத்தேன். உடைத்தேன். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. சரி, நினைத்தது நடந்துவிட்டது என்று இரண்டு மூடியையும் விரித்துப் பார்த்தால், உள்ளே பூ.

தேங்காய்ப் பூ. கோழி முட்டையைவிடப் பெரிதாக, வெள்ளையும் இளமஞ்சளுமாக, உள்ளே இருந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு உருண்டு திரண்டு உட்கார்ந்திருக்கிறது. கோயிலில் ஒருவருக்கு இப்படி உடைந்தால் அந்தத் தெருவே வந்து பார்க்கும். இதைவிட நல்ல சகுனம் எங்கள் சாதி சனத்துக்குத் தெரியாது. என் காது பொய் சொல்லவில்லை. தண்ணீர் இல்லை என்று சொன்னது. ஏன் இல்லை என்று நான்தான் கேட்கவில்லை.

கெட்டதை நினைத்து வாங்கினால் இப்படியா வந்து நிற்கும்! லீவு போயிற்று, மகள் கல்யாணம் போயிற்று என்று எனக்கு முகம் வெளுத்தே போயிருக்க வேண்டும்.

அதற்குள் மண்டபத்தில் ஒரு அலறல். பெண்ணின் அம்மா. தேங்காய்க்குள் என்னவோ வளர்ந்திருக்கிறதே என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மூளை என்றார் ஒருவர். கட்டி என்றார் ஒருவர். பெண்ணை அதைப் பார்க்க விடாமல் கண்ணைப் பொத்தி அழைத்துக்கொண்டு போனார்கள். மேடம் முன்னால் வந்து கையை உயர்த்தினார்.

"பயப்படாதீங்க. இது முத்து. எங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் ஒரு தடவ இப்படி வந்துச்சு," என்று அறிவித்துவிட்டு, என் கையைப் பிடித்து அடுப்படிப் பக்கம் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன இது? உண்மையச் சொல்லு."

"பூ, மேடம். நல்ல சகுனம். ரொம்ப ரொம்ப நல்ல சகுனம்."

"பொய்."

"சத்தியமா மேடம். இது வந்தா வீட்ல நல்லது நடக்கும்."

"ஒன் மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. நல்லதுக்கு யாருக்காவது மூஞ்சி வெளுக்குமா?"

பொய் சொல்ல நான் மலைப்பாதை முழுக்கத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். உண்மைக்கு நான் தயாராக இல்லை. நல்லது நல்லது என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் ஏறிக்கொண்டே போயிற்று. டிரைவரைக் கூப்பிட்டு அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்லச் சொன்னார். அவரும் நல்ல சகுனம்தான் என்று சொன்னார். அவர் முகமும் வெளுத்திருந்தது. நான் சொத்தைத் தேங்காய் வாங்கியதைப் பார்த்தவர் ஆயிற்றே.

"ரெண்டு பேரும் சேந்து மறைக்கிறீங்க," என்றார் மேடம். உட்கார்ந்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒன் வீட்ல எதாவது நடக்குதா?" என்று கேட்டார்.

"என் மகளுக்குக் கல்யாணம், மேடம்."

"எப்போ?"

நான் டிரைவரைப் பார்த்தேன். டிரைவர் கூரையைப் பார்த்தார்.

"ஏழு வாரமா சொல்றேன் மேடம். ஆவணியில."

"அதான்!" என்று தொடையில் தட்டினார். "பஹ்ரைன்ல ஒரு கல்யாணம், ஒன் வீட்ல ஒரு கல்யாணம். ஒரே ஆளு, ஒரே கை. ரெண்டையும் இழுத்தா உள்ள கட்டி வராம என்ன வரும்? நீ ஏன் இத முன்னாடியே சொல்லல? கலாஸ், முடிஞ்சுது. நாளைக்கே எங்கிட்ட பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டு துபாய் போயி டிக்கெட் எடு. யல்லா, அந்த அசிங்கத்தக் கொண்டுபோயி கடல்ல போடு."

கார் நிறுத்துகிற இடத்தில் நானும் டிரைவரும் தேங்காய் மூடியை வைத்துக்கொண்டு நின்றோம்.

"கடல்ல போடச் சொன்னாஹ, அக்கா," என்றார்.

"கடல் எந்தப் பக்கம் இருக்கு?"

"தூரம்."

பூவை எடுத்து இரண்டாகப் பிய்த்துப் பாதியை அவரிடம் கொடுத்தேன். நல்ல இனிப்பு. பஞ்சு மாதிரி கரைந்தது. "அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்று சொல்லித் தின்றேன். அவரும் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பிற்பாடு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் ஆண். ஆனால் அதற்கும் தேங்காய்க்கும் சம்பந்தம் உண்டென்று அந்தக் குடும்பத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால் வீடு போய்ச் சேர்ந்தேன். கல்யாணத்தன்று விடிகாலையில் பித்தளைக் குடத்தை நானே துலக்கி, தண்ணீர் நிறைத்து, வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். நாத்தனார் குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க தள்ளுங்க. நான் வக்கிறேன். சனம் பாக்குது."

"மூணு தேசத்துல பதினோரு பொண்ணுக்கு இந்தக் கைதான் கொடம் வச்சுது," என்றேன். "ராஜா வீட்டுக் கொடம். கல்லு பதிச்சது. பதினொன்னும் பேர் சொல்ற மாதிரி வாழுது. நீ வச்ச கொடத்துல எத்தன வாழுது, கணக்குச் சொல்லு. தள்ளிக்கிறேன்."

அவள் வைத்த குடங்களில் இரண்டு கோர்ட்டில் இருந்தது ஊருக்கே தெரியும். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். நான் குடத்தை வைத்தேன். மாவிலை செருகினேன். தேங்காயைத் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, தண்ணீர் சலசலவென்று கேட்டதைப் பொறுக்கி வைத்தேன். இந்த முறை குங்குமமும் வைத்தேன். ராஜாவின் புகைப்பானையைப் பற்றி அங்கே நான் மூச்சு விடவில்லை. மகள் அந்த வாசலைத் தாண்டிப் போனாள். இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து துபாய்க்குத் திரும்பினேன். கண்ணாடி அலமாரியில் விளக்கு எரிந்தது. குடம் இருந்தது. குடத்தின் தலையில் ஒரு தங்கத் தேங்காய் இருந்தது. அழுகக் கூடாது, உள்ளே எதுவும் வளரக் கூடாது என்று மேடம் தங்க ஆசாரியிடம் சொல்லிச் செய்ததாம். நார் நாராகக் கோடு போட்டு, குடுமிக்குத் தங்கக் கம்பி முறுக்கி, மேலெல்லாம் நீலக்கல். ஆசாரி உரித்த தேங்காயைக் கண்டதில்லை போல் இருக்கிறது. மூன்று கண் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு சிவப்புக் கல் பதித்திருந்தான். பஹ்ரைன் கல்யாணத்தில் இதைத்தான் வைத்தார்களாம்.

"நாலு கண்ணு இருக்கே மேடம்," என்றேன்.

"கொள்ளுத்தாத்தா காலத்துத் தேங்காய்க்கு நாலுதான்," என்றார் மேடம்.

அதற்கப்புறம் எனக்கு லீவுக்குத் தடை இல்லை. எந்தக் கல்யாணத்துக்கும் நான் தேவைப்படவில்லை. வியாழக்கிழமைதோறும் பவுடர் பிரஷ்ஷால் குடத்தோடு தேங்காயையும் துடைக்கிற வேலை மட்டும் கூடியிருந்தது. முதல் வியாழக்கிழமை மேடம் அந்தப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்து, அதைக் கையில் எடுத்தேன். எந்தத் தேங்காயையும் பார்க்காமல் நான் வைப்பதில்லை. விரலை மடக்கித் தட்டினேன். காதோடு வைத்து ஆட்டினேன்.

தண்ணீர்ச் சத்தம் இல்லை. அழுகலாகவும் இருக்கலாம், பூவாகவும் இருக்கலாம்.